ஆற்றங்கரை வக்கீல்

மீன் பிடிப்பவனுக்குப் பொறுமை வேண்டும் என்பது கொக்கைப் பார்த்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் டிரவுட் மீனிடம் வெறும் பொறுமை பலிக்காது. (மீன் சமாசாரம் நமக்கு ஏன் என்று மூக்கைப் பிடித்துக்கொள்ளும் நேயர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும், இங்கே சமையல் இல்லை.)

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷையர் பிரதேசத்தில் ஓடும் இட்சென் நதியின் ஜலம் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது. ஸ்படிகம்போல் தெளிந்திருக்கும். கரையில் நிற்கும் மனிதன் மீனைப் பார்க்கிறான். மீனும் அவனைப் பார்த்துவிடுகிறது! அது நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால், அதன் பின்புறமாகக் குனிந்து குனிந்துதான் நெருங்க வேண்டும்.

அங்கே தூண்டிலில் புழுவைக் கோப்பதில்லை. இறகையும் பட்டு நூலையும் முள்ளில் சுற்றிப் பொய் ஈ ஒன்றைச் செய்கிறார்கள். அந்த ஈ நீரின்மேல் மிதக்க வேண்டும் என்பது பிரெடரிக் ஹால்போர்டு என்பவரின் கொள்கை. அவருடைய சீடர்கள் அதை மீறக்கூடாத சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டார்கள்.

ஜி. இ. எம். ஸ்கூஸ் என்ற லண்டன் வக்கீல் 1883 முதல் இந்த நதியில் தூண்டில் வீசி வந்தார். சில வேளைகளில் நீர்மட்டம் குமிழ்ந்து வளையமிடும். மீன் இரை தேடுவது நிச்சயம். ஆயினும் மிதக்கும் ஈயை அது ஏறெடுத்தும் பாராது. மீனுக்குக் கொழுப்பு என்று சொல்லிவிட்டுப் போகலாம். வக்கீலோ சாட்சியம் தேடினார். பிடிபட்ட மீனின் வயிற்றில் இருந்ததை, எலும்பின் மஜ்ஜையைத் தோண்டும் ஒடுங்கிய கரண்டியால் எடுத்து, வெள்ளைக் கிண்ணத்தில் நீர் விட்டுப் பரப்பிப் பார்த்தார். சிறகு விரியாத இளம் பூச்சிகள்! இந்த ஈக்கள் முதலில் நீருக்குள் பல மாதம் வாழ்கின்றன. பிறகு மேலே வந்து, தோலுரித்துப் பறக்கின்றன. வரும் வழியிலேயே மீன் விழுங்கிவிடுகிறது. நீர் குமிழ்ந்தது அது திரும்பிய வேகத்தால்; மேலே வாய் வைத்ததால் அன்று.

ஆகவே நீருக்குள் மூழ்கும் பொய்ப் பூச்சியைக் கட்டினார். 1910-ல் தம் அநுபவத்தை நூலாகவும் வெளியிட்டார். சாஸ்திரக்காரர்கள் விடுவார்களா? 1938 பிப்ரவரியில் லண்டனில், ஈத்தூண்டில்காரர்களின் சங்கத்தில் இது குறித்து விவாதமே நடந்தது. ஸ்கூஸுக்கு அப்போது வயது 79. பலர் எதிர்த்துப் பேசினார்கள். அவ்வருஷமே, 55 வருஷம் பழகிய அந்த நீர்த்துறையை விட்டு அவர் விலகினார். மறு வருஷம் இளம்பூச்சித் தூண்டிலைப் பற்றியே இன்னொரு புத்தகம் எழுதி வெளியிட்டார்.