கிதாருக்கு ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர்

செம்பூரில் நாங்கள் வசிக்கும் கட்டடத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் குக்கர் விசிலையும் தொலைக்காட்சித் தொடர்களின் அழுகையையும் தவிர வேறு ஓசை எழுவது அபூர்வம். 2023-ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வீட்டிலிருந்து நரியும் ரயிலும் சேர்ந்து ஊளையிட்டாற்போல் ஒரு சத்தம் கிளம்பிற்று. மூன்றாம் மாடியிலிருந்து இருவர் இறங்கி ஓடி வந்தார்கள். என் மருமான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெளிறிய முகத்துடன் என்னைப் பார்த்தான். "வெடிக்கவில்லையே மாமா, அதுவே பெரிது" என்றான்.

மருமான் என் தங்கையின் ஒரே பிள்ளை. அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். அவன் தகப்பனார் கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் மைக் செட் வைத்துப் பிழைத்தவர். பழைய ரேடியோக்களைப் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரர். பையனுக்கு ஆறு வயதாக இருக்கையில் நோய்வாய்ப்பட்டுக் காலமானார். அவருடைய தகரப் பெட்டியைத் தங்கை பரண்மேல் ஏற்றிவிட்டாள். பிறகு யாரையும் தொட விட்டதில்லை. ஆகவே பையன் மின்சார கிதார் வாங்கி, அதற்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தன் கையாலேயே செய்யப் போவதாகச் சொன்னபோது அவள் ஒரே வார்த்தையில் மறுத்தாள். மூன்று நாள் மௌனத்திற்குப் பின், "அண்ணா, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் செய்யட்டும். இல்லாவிட்டால் வேண்டாம்" என்றாள். கணக்கெழுதியே காலம் கழித்த எனக்கு மின்சாரம் என்றால் மாதக் கட்டணம் மட்டுமே தெரியும். ஆயினும் உட்கார்ந்தேன்.

டிரான்ஸிஸ்டர் வந்து இத்தனை காலம் ஆன பின்பும் வால்வு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கிதார் வாசிப்பவர்கள் ஒலியைக் கூட்டிக்கொண்டே போய், கருவி தாங்கும் எல்லையைத் தொடச் செய்வார்கள். அந்த எல்லையில் சாதாரண டிரான்ஸிஸ்டர் கருவியின் ஒலி வெடுக்கென முறிகிறது; வால்வின் ஒலியோ மெல்லக் கரகரத்து விரிகிறது. அந்தக் கரகரப்பைத்தான் அவர்கள் நாடுகிறார்கள். நம் செவிக்கு அது நாதஸ்வரக்காரர் சற்று அழுத்தி ஊதுவதுபோல் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம், மருமான் ஒப்புக்கொள்ளவில்லை.

அவன் தேர்ந்துகொண்டது ஃபெண்டர் கம்பெனியாரின் சாம்ப் என்னும் சிறு கருவியின் அமைப்பு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது. அவர் 1948-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆம்ப்ளிஃபயரின் வழித்தோன்றலாகிய 5எஃப்1 என்ற 1950களின் அமைப்பு, தொடக்கக்காரர்களுக்கு இன்றும் முதல் பாடம். மொத்தம் மூன்றே வால்வுகள். சுமார் 5 வாட் சக்தி. கிதாரிலிருந்து வரும் மின்துடிப்பு ஒரு வோல்ட்டில் அற்பப் பங்கு. அதை 12ஏஎக்ஸ்7 என்ற இரட்டை வால்வு இரு தடவை பெருக்குகிறது. பிறகு 6வி6 என்ற வால்வு அதற்கு வலுவூட்ட, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வழியே ஸ்பீக்கருக்குச் செல்கிறது. மூன்றாவதான 5ஒய்3, வீட்டு மின்சாரத்தை ஒரு திசையாக்கித் தரும் வேலைக்காரன்.

சாமான்களுக்காக லாமிங்டன் சாலைக்கு நான்கு முறை அலைந்தோம். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கும் தூரம். வெளிநாட்டுப் பெட்டித் தொகுப்பு ஒன்றைப் பையன் முதலில் விரும்பினான். அதிலிருந்த டிரான்ஸ்பார்மர் அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கு ஆனது. நம் 230 வோல்ட்டில் அது தீய்ந்துவிடும் என்று தெரிந்தபின் இங்கேயே 275-0-275 வோல்ட் அளவில் ஒன்றைச் சுற்றித் தரச் செய்தோம். எல்லாம் சேர்ந்து 18,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாயிற்று. கிதாரின் விலையைவிட அதிகம் என்பதைத் தங்கையிடம் நாங்கள் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஈயம் பற்றவைப்பதைப் பற்றி எழுத அதிகமில்லை. முதல் வாரம் பையன் வைத்த இணைப்புகள் மிளகு வடைபோல் இருந்தன. மூன்றாம் வாரம் பளபளத்தன. கம்பியைச் சூடாக்கி அதன்மேல் ஈயத்தை ஓட விட வேண்டுமே தவிர, ஈயத்தை உருக்கிக் கம்பிமேல் அப்பக்கூடாது. விஷயம் அவ்வளவே.

ஆபத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கருவிக்குள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் நடமாடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்பும் அது பெரிய கண்டென்ஸர்களில் தங்கி நிற்கும். ஒருநாள் மற்ற இரு வால்வுகளையும் செருகாமல், 5ஒய்3-ஐ மட்டும் வைத்து வோல்ட்டேஜைச் சோதித்தோம். சோதனை முடிந்து பிளக்கை எடுத்தாயிற்று. பையன் ஒரு கம்பியை நகர்த்த உள்ளே கைவிடப் போனான். "மீட்டரை வை" என்றேன். வைத்தான். 370 காட்டிற்று. மின்சாரத்தைக் குடிக்க வேண்டிய வால்வுகள் இல்லாததால் அது அப்படியே காத்திருந்தது. சமையலறை வாசலில் நின்ற தங்கைக்கு எண்ணின் பொருள் தெரியாது. பையனின் முகம் தெரிந்தது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

அதன்பின் சில நியமங்களை ஏற்படுத்திக்கொண்டோம். 10 கிலோ ஓம் ரெஸிஸ்டர் ஒன்றை, நன்றாக உறையிட்ட கம்பிகளுடன், கண்டென்ஸருக்கும் தகரச் சட்டத்திற்கும் இடையே சில விநாடிகள் வைத்துச் சக்தியை வடிக்க வேண்டும். பிறகு மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால்தான் கை உள்ளே போகலாம். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை சட்டைப்பையில் இருக்க வேண்டும். இரு கைகளுக்கிடையே பாயும் மின்சாரம் மார்பின் வழியே போகும். புதுக் கருவியை முதன்முறை ஏற்றுகையில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் வைக்க வேண்டும்; உள்ளே கோளாறு இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து நமக்குச் சொல்லிவிடும். ஸ்பீக்கரை இணைக்காமல் வாசிக்கக்கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கெடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எர்த். எங்கள் சுவரில் மூன்று துளைப் பிளக் கம்பீரமாக இருந்தது. எலெக்ட்ரீஷியன் திறந்து பார்த்தால் மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை! பழைய கட்டடங்களில் குடியிருக்கும் அன்பர்கள், ஆம்ப்ளிஃபயர் செய்யாவிட்டாலும், இதை ஒருமுறை சோதித்துக்கொள்வது நலம்.

இனி அந்த ஊளைக்கு வருவோம். பல்பு சரியாகவே மங்கிற்று, வால்வுகள் செம்மையாகக் கனிந்தன, உடனே அலறல். இரண்டு மணி நேரம் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தோம், பிழை அகப்படவில்லை. பிறகு பையனே படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தான். இந்த அமைப்பில் ஸ்பீக்கரிலிருந்து ஒலியின் சிறு பகுதி, எதிர்முகமாக, முன் வால்வுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது. ஒலியை அடக்கிச் செம்மைப்படுத்துவது அதன் வேலை. டிரான்ஸ்பார்மரின் இரு கம்பிகள் இடம் மாறியதால் அது அடக்குவதற்குப் பதில் தூண்டிவிட்டிருக்கிறது. இரண்டு கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தான். ஊளை நின்றது. அவன் ஒரு தந்தியை மீட்ட, சுத்தமான நாதம் எழுந்தது.

அரை மணி கழித்துத் தங்கை ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து தகரப் பெட்டியைத் தானே இறக்கினாள். பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளில் சுற்றிய வால்வுகள் பதினொன்று இருந்தன. அவற்றில் ஒன்று 6வி6. பையன் அதன் இரண்டாம், ஏழாம் ஊசிகளை மீட்டரால் தொட்டு, உள்ளிழை அறுபடவில்லை என்று கண்டான். இவ்வமைப்பில் வால்வின் அடியிலுள்ள 470 ஓம் ரெஸிஸ்டரே மின்னோட்டத்தைத் தானாகச் சீர்படுத்துவதால் வேறு திருத்தம் வேண்டியதில்லை. மின்சாரத்தை நிறுத்தி, வடித்து, ஆறவிட்டு, புது வால்வைக் கழற்றிப் பழையதைச் செருகினான். குண்டு பல்பை மறுபடியும் தொடரில் வைத்தோம். முக்கால் நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

"அவர் வைத்ததா?" என்று தங்கை கேட்டாள். "ஆமாம், அம்மா" என்றான் பையன். அவள் விளக்கை அணைக்கச் சொல்லி, அந்தச் சிறு செவ்வொளியைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது.

கிதார் வாசிக்காத வேளையில் ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய ரீங்காரம் இன்னும் இருக்கிறது. வால்வுகளைச் சூடாக்கும் 6.3 வோல்ட் கம்பிகளை இன்னும் நெருக்கமாக முறுக்கிச் சட்டத்தின் மூலையோடு ஓட்டினால் குறையும் என்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்வதாக இருக்கிறோம்.