ஆயிரம் ரூபாத் தாள்

2009 நவம்பரில் இலங்கை மத்திய வங்கி புதிய ஆயிரம் ரூபாத் தாள் ஒன்றை வெளியிட்டது. முன்பக்கத்தில் இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ. பின்பக்கத்தில் தேசியக் கொடியை நாட்டும் படையினர். புலிகளோடு நடந்து அந்த வருஷம் மே மாதம் முடிந்த போரின் நினைவாக வந்த தாள் அது. பதவியில் இருக்கும்போதே பணத்தில் தன் முகத்தை அச்சிடுவது ராஜாக்கள் காலத்து வழக்கம். அப்போதைய கொழும்பில் பலருக்கும் அது பெரிதாக உறுத்தவில்லை.

தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் அந்தத் தாள் வந்தபோது வேறொரு கணக்கும் கூடவே வந்தது. அந்த வருஷக் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் நாள் அடிப்படைச் சம்பளம் 285 ரூபா. வேலை கொடுத்த நாட்களில் முக்கால்வாசிக்குப் போயிருந்தால் வரவுக் கொடுப்பனவு 90, அதற்கு மேல் ஒரு 30. ஆக 405. ஜனாதிபதி முகம் போட்ட ஒரு தாளுக்கு ஏறக்குறைய இரண்டரை நாள் கொழுந்து பறிக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வேலை நாட்களில் கால்வாசிக்கு மேல் வீட்டில் நின்றுவிட்டால் வரவுக் காசு போய்விடும், அதே தாள் மூன்று நாளைத் தாண்டிவிடும். நிறுவை நேரத்தில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்.

ராஜபக்ஷவுக்குத் தொழிலாளர் விவகாரம் புதிதல்ல. அம்பாந்தோட்டை மாவட்டத்து வீரகெட்டியவில் 1945இல் பிறந்தவர், 24 வயதில் பெலியத்தையிலிருந்து பாராளுமன்றம் போனவர். 1994இல் சந்திரிகா அரசாங்கத்தில் தொழில் அமைச்சர். தொழிலாளர் சாசனம் ஒன்றைக் கொண்டுவர முயன்று முடியாமல் போனவர். 2005இல் ஜனாதிபதியானபோது அந்த மனிதரைப் போர்தான் முழுதாக எடுத்துக்கொண்டது.

போர்க்காலத்து மலையகத்தை வடக்கோடு ஒப்பிட முடியாது. குண்டு இங்கே விழவில்லை. ஆனால் பயம் இங்கேயும் இருந்தது. கொழும்புக் கடைகளில் வேலைக்கு நின்ற பையன்கள் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நடந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டையே எடுக்க முடியாதவர்களும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்தார்கள். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. 2009க்குப் பின் சோதனைச் சாவடிகள் மெல்லக் கழன்றன, ஹட்டன் பஸ்ஸில் ஏறுகிறவன் நிம்மதியாகத் தூங்கிப் போகலாம் என்றானது. அந்த நிம்மதியை மலையகம் மறுத்ததில்லை.

அப்படியிருந்தும் வாக்கு விழவில்லை. 2005, 2010, 2015 என்று மூன்று ஜனாதிபதித் தேர்தலிலும் நுவரெலியா மாவட்டத்தில் அவர் தோற்றார். 2010இல் போர் வெற்றியின் சூடு ஆறுமுன் நடந்த தேர்தலில்கூட இங்கே சரத் பொன்சேகாதான் முந்தினார். அப்போது ஆறுமுகன் தொண்டமானின் தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஜனாதிபதியின் பக்கம் நின்றது. மூன்றே மாதத்தில் வந்த பொதுத்தேர்தலில் அதே ஜனாதிபதியின் வெற்றிலைச் சின்னம் மாவட்டத்தை வென்றது. சங்கத் தலைவருக்கு ஒரு வாக்கு, சம்பளத்துக்கு ஒரு வாக்கு என்று மலைச்சனம் பிரித்துப் போட்டதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். ஜனாதிபதிக்கு இருந்த இரண்டு தவணை வரம்பை நீக்கிய அரசியலமைப்பின் 18ஆவது திருத்தத்துக்கு மலையகத் தலைவர்கள் கை உயர்த்தினார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அது பேச்சே இல்லை.

அவர் காலம் மலையில் விட்டுச் சென்றதில் பெரியது 2012இல் திறந்த மேல் கொத்மலை நீர்மின் திட்டம். 150 மெகாவாட். தலவாக்கலை நகரத்தின் தோற்றமே மாறியது, சென் கிளயர் அருவியின் தண்ணீர் குறைந்தது. அதே காலத்தின் இன்னொரு முகம் 2014 ஒக்டோபர் 29. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. ஆனால் அந்தச் சனம் எழும்பிப் போக வேறு காணி எங்கே இருந்தது? பத்து வாரத்தில் அவர் தேர்தலில் தோற்றார்.

பிறகு வந்த அரசாங்கம் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற பேச்சைக் கொண்டுவந்தது. 2017இல் நோர்வூட் வந்த மோடி மேலும் 10,000 வீடு என்றார். 2018இல் அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பிரதேச சபைகள் ஆறாயின. தோட்டத்துப் பாதைக்குச் சபைக் காசைச் செலவழிக்கலாம் என்று சட்டமும் அந்த ஆண்டுதான் திருத்தப்பட்டது. போர் முடிந்து ஒன்பது வருஷம்! இதற்கெல்லாம் புலிகள் தடையாக இருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

2019இல் தம்பி கோட்டாபய ஜனாதிபதி, அண்ணன் பிரதமர். தோட்டத் தொழிலாளர் வருஷக்கணக்கில் கேட்ட ஆயிரம் ரூபா நாள் சம்பளம் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. ஒரு நாள் பேருக்கு ஒரு தாள். உடனே பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு 20 கிலோவுக்கு ஏறியது, வேலை நாள் குறைந்தது. அடுத்து இரசாயன உரத்துக்குத் தடை. உரமில்லாத மலையில் கொழுந்து எங்கிருந்து வரும்? 2022இல் நாட்டின் தேயிலை உற்பத்தி கால் நூற்றாண்டில் காணாத அளவுக்கு விழுந்தது. மூன்று வேளையும் ரொட்டி சுடும் வீடுகளில் கோதுமை மாவின் விலையே ஆயிரத்தைத் தின்றுவிட்டது. அரசாங்கத்துக்கு எதிரான கூட்டம் காலிமுகத்திடலில் திரண்டிருந்த அந்த வருஷம் மே 9ஆம் திகதி மகிந்த பதவி விலகினார். ஜூலையில் தம்பி நாட்டை விட்டே போனார்.

2024இல் நாள் சம்பளம் 1,350 ஆனது. அந்த நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் நுவரெலியாவைத் தேசிய மக்கள் சக்தி பிடித்தது. பழைய சங்கங்களுக்கு அது பெரிய அடி. மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாகப் பாராளுமன்றம் போனதும் அந்தத் தேர்தலில்தான். 

2025 செப்டெம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. கொழும்பு விஜேராம மாவத்தையில் இருந்த அரச வீட்டைக் காலி செய்துவிட்டு மகிந்த தங்காலைக்குப் போனார். அங்கே அவருக்குச் சொந்தமாகக் கார்ல்டன் இல்லம் இருக்கிறது. தோட்டத்தில் 55, 60 வயதில் பேர் வெட்டுப்பட்டு ஓய்வுபெற்றவர்கள் இன்னும் கம்பனிக் காம்பராவில்தான் இருக்கிறார்கள், அந்தக் காம்பராவில் தொடர்ந்து இருக்கப் பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும் என்ற கவலையோடு.