பந்து போனது, பாக்கி நின்றது

எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு டி.வி. சத்தம் கேட்டால் அது சுப்ரபாதம் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூட பஸ் வருவதற்குள் பேரன் பார்த்து முடித்துவிடத் துடிக்கும் அமெரிக்கக் கூடைப்பந்து அது. முப்பது வருஷத்துக்கு மேல் பேரேடு புரட்டியே தில்லியில் காலம் தள்ளியவன் நான். பந்து எந்த வளையத்தில் விழுந்தால் யாருக்குப் பாயிண்ட் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் பிடிபட்டது. ஆனால் 2025 ஜூலையில் ஒரு நாள் பேரன் ஓடி வந்து, “தாத்தா, டீமை விட்டு அனுப்பின ஆளுக்கு அஞ்சு வருஷம் சம்பளம் கணக்காம்!” என்றான். அன்றிலிருந்து எனக்கும் இந்த ஆட்டத்தில் ருசி வந்துவிட்டது.

அந்த ஆள் டேமியன் லில்லார்ட். அனுப்பிய அணி மில்வாக்கி பக்ஸ். மில்வாக்கி என்பது மிச்சிகன் ஏரிக்கரையில், பனி கொட்டும் ஊர். பெரிய நட்சத்திரங்கள் லாஸ் ஏஞ்சலஸுக்கும் மயாமிக்கும் தாமாகவே போவார்கள். இந்த ஊருக்குத் தேடி வரமாட்டார்கள். இருக்கிற ஆட்களைக் கொடுத்துப் பண்டமாற்றாகத்தான் வாங்க வேண்டும். கிரேக்க நாட்டில் பிறந்த யானிஸ் அன்டெடோகும்போ என்ற ஆறடி பதினோரு அங்குல அதிசயத்தை வைத்துக்கொண்டு 2021இல் கோப்பையை வென்றார்கள். 1971க்குப் பிறகு, ஐம்பது வருஷம் கழித்துக் கிடைத்த கோப்பை. அந்த யானிஸ் வேறு ஊருக்குப் போய்விடக் கூடாதே என்ற கவலைதான் இந்தக் கதைக்கு மூலகாரணம்.

2023 செப்டம்பரில் மூன்று அணிகள் சேர்ந்து ஒரு பரிமாற்றம் செய்தன. போர்ட்லாண்ட் அணியில் பதினோரு வருஷம் ஆடிய லில்லார்ட் மில்வாக்கிக்கு வந்தார். பதிலுக்கு மில்வாக்கி தன் 2021 வெற்றியின் தூண்களில் ஒருவரான ஜ்ரூ ஹாலிடேயைப் போர்ட்லாண்டுக்கும், கிரேசன் ஆலனை ஃபீனிக்ஸுக்கும் அனுப்பியது. அதோடு விடவில்லை. 2029ஆம் ஆண்டு டிராஃப்ட் எனப்படும் புதுமுகத் தேர்வில் தன் முதல் சுற்று உரிமையைப் போர்ட்லாண்டுக்கு எழுதிக் கொடுத்தது. 2028லும் 2030லும் இருவர் இடங்களில் எது மேலானதோ அதைப் போர்ட்லாண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒப்புக்கொண்டது. யானிஸுக்கு மனம் குளிர்ந்தது. அடுத்த மாதமே மூன்று வருஷத்துக்கு 18 கோடியே 60 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதுவரை எல்லாம் சுபம்.

ஆனால் ஆளோடு ஒரு பாக்கியும் கூடவே வந்தது. போர்ட்லாண்டில் இருந்தபோது, 2022இல், லில்லார்ட் தன் ஒப்பந்தத்தை 2026-27 வரை நீட்டித்திருந்தார். பரிமாற்றத்தில் ஆள் மாறினால் ஒப்பந்தமும் சேர்ந்தே மாறும். ஒருவர் வாங்கிய வீட்டை லோன் பாக்கியோடு நாம் எடுத்துக்கொள்கிற மாதிரி. கையெழுத்து போட்டவர் வேறு, தவணை கட்டுகிறவர் வேறு.

இங்கே சம்பள உச்சவரம்பு பற்றிச் சொல்லியாக வேண்டும். நமக்கு ஐ.பி.எல். ஏலம் தெரியும். 2025 பெரிய ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய். அதற்கு மேல் ஒரு காசு கூடாது. ஏலத்துக்கு முன் ஓர் ஆட்டக்காரரை விடுவித்தால் அவருடைய தொகை பைக்குத் திரும்பிவிடும். அமெரிக்கக் கூடைப்பந்தில் அப்படியில்லை. 1984-85இல் 36 லட்சம் டாலராகத் தொடங்கிய வரம்பு 2025-26இல் 15 கோடியே 46 லட்சம் டாலர். சொந்த ஆட்டக்காரர்களைத் தக்கவைக்க இதைத் தாண்டலாம். ஆனால் 18 கோடியே 79 லட்சத்தைத் தாண்டினால் அபராத வரி. இன்னும் சுமார் 2 கோடி ஏறினால், ‘இரண்டாம் ஏப்ரன்’ என்று ஒரு கோடு. அதற்கு அப்பால் போன அணி இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது. வெளியாளைச் சேர்க்கும் சலுகையும் போய்விடும். கடன் அட்டையைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான விஷயம் என்னவென்றால், உத்தரவாதம் கொடுத்த சம்பளம் ஆள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் கணக்கில் நிற்கும்.

மில்வாக்கிக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. 2024இல் முதல் சுற்றிலேயே இண்டியானாவிடம் தோற்றார்கள்; யானிஸ் காயத்தால் அந்தச் சுற்றில் ஆடவே இல்லை. 2025 மார்ச்சில் லில்லார்டுக்குக் காலில் ரத்தக் கட்டி. அதிலிருந்து மீண்டு வந்தவர், ஏப்ரல் 27 அன்று அதே இண்டியானாவுக்கு எதிரான ஆட்டத்தில் குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். அவருக்கு வயது அப்போது 34. அடுத்த பருவம் முழுவதும் ஆட முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. கொடுக்க வேண்டிய பாக்கியோ இரண்டு வருஷத்துக்குச் சுமார் 11 கோடியே 26 லட்சம் டாலர்.

ஜூலை முதல் தேதி அணி எடுத்த முடிவைத்தான் பேரன் எனக்குச் சொன்னான். லில்லார்டை விடுவித்தார்கள். விடுவித்த ஆளின் பாக்கியை, மீதமுள்ள வருஷங்களை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டி, அத்தனை வருஷங்களுக்குப் பரப்பலாம் என்று விதி. ‘ஸ்ட்ரெட்ச்’ என்று பெயர். இரண்டு வருஷப் பாக்கி ஐந்து வருஷம் ஆயிற்று. ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 25 லட்சம் டாலர், 2029-30 வரை. முதல் ஆண்டில் வரம்பில் அது ஏழில் ஒரு பங்கு!

பழைய வழக்கம் விடவில்லை, ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பரப்பாமல் விட்டிருந்தால் 2025-26இல் 5 கோடியே 41 லட்சமும், 2026-27இல் 5 கோடியே 85 லட்சமும் கழிந்து, அதோடு ஏடு சுத்தம். பரப்பியதால் முதல் வருஷம் 3 கோடியே 16 லட்சம், இரண்டாம் வருஷம் 3 கோடியே 60 லட்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. அந்த இடத்துக்கு விலை, பிற்பாடு மூன்று வருஷம் தலா 2 கோடியே 25 லட்சம். கிடைத்த இடத்தில், தங்களை இரண்டு முறை தோற்கடித்த இண்டியானாவிலிருந்தே மைல்ஸ் டர்னரை நான்கு வருஷத்துக்குக் கொண்டுவந்தார்கள். டர்னரின் சம்பளம் முதல் வருஷம் சுமார் இரண்டரைக் கோடி. ஆனால் லில்லார்டின் தவணையையும் சேர்த்தால் டர்னருக்கு உண்மையில் கொடுத்தது ஆண்டுக்கு நாலே முக்கால் கோடி என்பேன் நான்.

பேரன் ஒப்பவில்லை. “வட்டி இல்லையே தாத்தா! வரம்பும் வருஷா வருஷம் ஏறுமே!” என்றான். பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2025-26இல் தொடங்கிய பதினோரு ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தால் வருமானம் பெருகியிருக்கிறது. வரம்பு ஓராண்டில் பத்து சதவீதம் வரை ஏறலாம். ஏறினால் தவணையின் பாரம் தேயும். நாங்கள் எண்பதுகளில் வாங்கிய வீட்டுக்கடனும் அப்படித்தான் தேய்ந்தது. ஆனாலும் அப்போது நான் குடியிருந்த வீட்டுக்குத் தவணை கட்டினேன். இவர்கள் காலி செய்துவிட்ட ஆளுக்குக் கட்டுகிறார்கள்.

யானிஸை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் செய்ததால், இதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2023இல் சும்மா இருந்திருந்தால் அவர் அப்போதே கிளம்பியிருக்கலாம். 2025இல் செய்ததைத்தான் என்னால் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதல் கடனை மறைக்க வாங்கிய இரண்டாம் கடன் அது.

எதிர்ப்பக்கத்து ஏட்டையும் பாருங்கள். போர்ட்லாண்ட் தனக்குக் கிடைத்த ஹாலிடேயைச் சில நாட்களிலேயே பாஸ்டனுக்குக் கொடுத்து மேலும் இரண்டு முதல் சுற்று உரிமைகளைப் பெற்றது. ஹாலிடே 2024இல் பாஸ்டனுடன் கோப்பை வென்றார். பிறகு பாஸ்டனும் அதே ஏப்ரன் கோட்டுக்குப் பயந்து, 2025 கோடையில் அவரைப் போர்ட்லாண்டுக்கே திருப்பி அனுப்பியது. அதே மாதம், மில்வாக்கி விடுவித்த லில்லார்டும் மூன்று வருஷத்துக்கு 4 கோடியே 20 லட்சம் டாலருக்குப் பழைய வீடான போர்ட்லாண்டில் வந்து சேர்ந்தார். கொடுத்த ஆளும் வாங்கிய ஆளும் ஒரே கூரையின் கீழ்!

மில்வாக்கி எழுதிக் கொடுத்த 2029 உரிமையில் யார் வரப்போகிறானோ, அந்தப் பையன் பரிமாற்றம் நடந்தபோது பள்ளிக்கூடத்தில்தான் படித்துக்கொண்டிருந்திருப்பான், என் பேரனைப் போல. இடமாற்று உரிமையின் கடைசி டிராஃப்ட் 2030 கோடையில். லில்லார்டின் கடைசித் தவணை முடிவதும் அதே கோடையில். பேரனுக்கு அப்போது இருபது வயது ஆகியிருக்கும். இப்போதே ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு தேதிகளையும் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறான்.