இரண்டுக்கு மேல் தூக்க முடியாது

“அப்பா, நீங்களாவது அவன்கிட்ட சொல்லுங்களேன்!”

இந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் என் மகள் என்னிடம் ஒப்படைத்த பொறுப்பு இது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த நாளிலிருந்து பேரன் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான். ஏதோ ஒரு விடியோ விளையாட்டு. சுடுகிறான், சுடுகிறான், சுட்டுக்கொண்டே இருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் ‘தோ மினிட்’ என்கிறான். அந்த இரண்டு நிமிடம் ஒரு மணி நேரமாகிறது.

பேரனுக்குப் பதினேழு வயது முடிந்துவிட்டது. பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் இந்த நாக்பூரில். தமிழ் நன்றாகப் புரியும். ஆனால் நாம் தமிழில் கேட்டால் பதில் இந்தியில் வரும். ஆகஸ்டில் கல்லூரி விடுதிக்குப் போகப் போகிறவன். அதற்குள் அவனோடு நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

உபதேசம் செய்யத்தான் போனேன். அவன் இரண்டாவது கைப்பிடியை என் பக்கம் நீட்டி, ‘ஆயியே நானாஜி’ என்றான், கேலியாக. நான் ஒரு நிபந்தனை போட்டேன். “ஆடறேன்டா. ஆனா நீ எனக்குத் தமிழ்லதான் சொல்லித் தரணும். ஒரு வார்த்தை இந்தி வந்தாலும் எழுந்து போயிடுவேன்.”

ஒத்துக்கொண்டான். என் மகளின் முயற்சி அன்றோடு தோற்றது. நான் கற்றதை இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்தில் பல வீடுகளில் இதே புகார் இருப்பதை அறிவேன். பிள்ளைகள் அந்தத் திரைக்குள் என்னதான் செய்கிறார்கள் என்று பெரியவர்களுக்குத் தெரிவது நல்லதல்லவா?

என்ன விளையாட்டு இது?

பெயர் ‘ஹேலோ: காம்பாட் இவால்வ்ட்’. அமெரிக்காவில் பஞ்சி என்ற நிறுவனம் உருவாக்கியது. அந்த நிறுவனத்தை 2000-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அடுத்த ஆண்டு, 2001 நவம்பர் 15 அன்று, எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுப் பெட்டியோடு இது வெளிவந்தது. 2003-ல் கம்ப்யூட்டருக்கும் வந்தது. பத்தாண்டு நிறைவுக்காக 2011-ல் படங்களைப் புதுப்பித்தார்கள். 2014-ல் இதன் தொடர்ச்சிகளோடு சேர்த்து ஒரே தொகுப்பாக வெளியிட்டார்கள். நாங்கள் ஆடியது அந்தத் தொகுப்பில்.

கதை 2552-ஆம் ஆண்டில் நடக்கிறது. ‘கவனன்ட்’ என்ற பல இனக் கூட்டணி ஒன்று மனித குலத்தை அழிக்கத் துரத்துகிறது. தப்பி ஓடும் கப்பல் ஒன்று விண்வெளியில் ஒரு பெரிய வளையத்தைக் காண்கிறது. குறுக்களவு 10,000 கிலோமீட்டர். உட்புறத்தில் கடலும் மலையும் காடும் உண்டு. அதுதான் ஹேலோ. நாம் கவச உடை அணிந்த ‘மாஸ்டர் சீஃப்’ என்ற வீரர். அவர் தலைக்கவசத்துக்குள் இருந்து வழிகாட்டுவது ‘கார்ட்டானா’ என்ற கம்ப்யூட்டர் அறிவு.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இதில் ரத்தம் உண்டு. அமெரிக்காவில் இதைப் பதினேழு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை அடம் பிடித்தால் தயவுசெய்து இணங்காதீர்கள்.

முதல் பாடம்: பின்வாங்குதல்

கைப்பிடியில் இரண்டு சிறு குச்சிகள். இடது குச்சி நடக்க, வலது குச்சி பார்வையைத் திருப்ப. முதல் இரண்டு நாள் நான் கூரையைப் பார்த்துக்கொண்டே சுவரில் முட்டினேன். பேரன் சோபாவில் உருண்டு சிரித்தான்.

மாஸ்டர் சீஃபுக்குப் பாதுகாப்பு இரண்டு அடுக்கு. மேல் அடுக்கு கண்ணுக்குத் தெரியாத மின்கேடயம், அடியில் உடல்நலம். அடி விழ விழக் கேடயம் குறையும், தீரும்போது எச்சரிக்கை மணி அடிக்கும். மணி அடித்ததும் ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கி, சில விநாடி அடி வாங்காமல் இருந்தால் கேடயம் தானே மறுபடி நிரம்பும். உடல்நலம் அப்படி நிரம்பாது. அதற்கு ஆங்காங்கே வைத்திருக்கும் மருந்துப் பெட்டி கிடைத்தால்தான் உண்டு.

ஆகவே சண்டை முழுவதும் ஒரு தாளத்தில் நடக்கிறது. வெளியே வந்து சுடு, மணி அடித்தால் ஒதுங்கு, நிரம்பியதும் மறுபடி வா. நான் மணியைக் கேட்டும் முன்னேறிக்கொண்டே இருந்தேன். “தாத்தா, பின்னாடி வாங்க! கேடயம் போச்சு!” என்று கத்தினான். ‘கேடயம்’ என்ற சொல்லை அவன் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. முந்தின நாள் நான் சொல்லிக்கொடுத்தது.

திரையின் கீழே இடது மூலையில் ஒரு வட்டம். நடமாடும் எதிரி சிவப்புப் புள்ளி, நம்மவர் மஞ்சள் புள்ளி. குனிந்து மெல்ல நகர்பவர் அதில் தெரியமாட்டார். புதியவர்கள் திரையின் நடுவை மட்டுமே பார்ப்பார்கள். தேறியவர்கள் அந்த மூலையையும் பார்த்தபடியே நடப்பார்கள்.

எதிரிகளுக்கு நாங்கள் வைத்த பெயர்கள்

ஆங்கிலப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. இருவரும் சேர்ந்து தமிழ்ப் பெயர் வைத்தோம்.

கிரண்ட் என்பவன் ‘குள்ளன்’. முதுகில் வாயுத் தொட்டி சுமப்பவன். ஜாக்கல் ‘தட்டுக்காரன்’. கையில் வட்டமான ஒளிக்கேடயம் பிடித்திருப்பான், அதில் சுட்டால் தோட்டா வீண். எலீட் என்பவன் ‘மேஸ்திரி’. நம்மைப் போலவே அவனுக்கும் மின்கேடயம் உண்டு, குண்டு எறிந்தால் தாவி ஒதுங்குவான். அவனை முதலில் வீழ்த்தினால் குள்ளர்கள் கையை உயர்த்திக்கொண்டு அலறி ஓடுவார்கள். மேஸ்திரி இல்லாத வேலைக் கூட்டம் எப்படிக் கலையும் என்று முப்பத்தைந்து ஆண்டு பார்த்தவன் நான்!

ஹன்டர் என்ற பெரிய உருவங்கள் இரண்டிரண்டாகத்தான் வரும். அவர்கள் ‘அண்ணன் தம்பி’. முன்பக்கம் இரும்புக் கவசமும் பெரிய கேடயமும் உண்டு. ஆனால் முதுகில் ஆரஞ்சு நிறச் சதை திறந்து கிடக்கும். அவர்கள் பாய்ந்து வரும்போது பக்கவாட்டில் ஒதுங்கி, அந்த இடத்தில் கைத்துப்பாக்கியால் ஒரே ஒரு முறை சுட்டால் போதும். ராக்கெட்டை வீணாக்க வேண்டாம்.

எதை எடுப்பது, எதை விடுவது

இந்த விளையாட்டின் உயிர்நாடி இதுதான். ஒரு நேரத்தில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் சுமக்க முடியாது. மூன்றாவது வேண்டுமானால் ஒன்றைக் கீழே போட வேண்டும். எறிகுண்டுகளில் இரண்டு வகை, வகைக்கு நான்கு வரை.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் வேலை பார்த்தவன். தன் எல்லைக்குள் உள்ள பாதையைத் தினமும் நடந்தே பார்க்கும் கீமேன், கிடங்கில் உள்ள எல்லாக் கருவியையும் தோளில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. சுத்தியல், ஸ்பேனர், கொடிகள், ஆபத்தில் வண்டியை நிறுத்தவைக்கும் டெட்டனேட்டர்கள் என்று அளவாகத்தான் எடுப்பான். ‘எது நல்ல கருவி’ என்று அவன் கேட்பதில்லை. ‘இன்று வழியில் என்ன வரும்’ என்றுதான் கேட்பான். இங்கும் அதே கேள்விதான்.

மனிதர்களின் துப்பாக்கிகளை முதலில் பார்ப்போம். கையில் முதலில் கிடைக்கும் பெரிய துப்பாக்கியில் 60 தோட்டா. மீதி எத்தனை என்று அதன் முதுகிலேயே எண் தெரியும். கிட்டத்தில் பலமானது, தூரத்தில் தோட்டா சிதறிவிடும். கைத்துப்பாக்கியில் 12 தோட்டா. பார்க்கச் சிறியது என்று நான் ஒதுக்கினேன், பெரும் பிழை. தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் வசதி அதில் உண்டு, தலையில் பட்டால் குள்ளன் ஒரே தோட்டாவில் விழுவான். ஷாட்கன் ஓரிரு கெஜத்துக்குள் மட்டும் எமன். ராக்கெட் இரண்டு. கிட்டத்தில் வெடித்தால் நாமும் போவோம்.

எதிரிகளின் துப்பாக்கிகள் மின்கலத்தில் ஓடுபவை. தீர்ந்தால் நிரப்ப முடியாது, தூக்கிப்போட்டு வேறு எடுக்க வேண்டும். தொடர்ந்து சுட்டால் சூடேறி நின்றுவிடும். ஆனால் அவை மின்கேடயத்தை வேகமாகக் கரைக்கும். பிளாஸ்மா கைத்துப்பாக்கியின் விசையை அழுத்திப் பிடித்துவிட்டு விட்டால், பச்சை ஒளி உருண்டை எதிரியைத் தேடிப் போய் மேஸ்திரியின் கேடயத்தை ஒரே அடியில் தீர்த்துவிடும்.

ஆக, ஒளி ஆயுதம் கேடயத்துக்கு, தோட்டா உடம்புக்கு. இரண்டில் ஒன்று அவர்களுடையது, ஒன்று நம்முடையது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் சமாளிக்கலாம்.

எறிகுண்டில், நம்முடையது சுவரில் பட்டு எகிறி மூலைக்குள் போகும். அவர்களுடைய நீலக் குண்டு எதிரி மேலேயே ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் தீர்ந்தாலும் ஒரு வழி உண்டு. பின்னால் ஓசையின்றிப் போய்த் துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி ஒரு போடு. கேடயம் இருந்தாலும் மேஸ்திரி அந்த ஒரே அடியில் சாய்வான்.

இருவர் ஆடினால் நான்கு

திரையை இரண்டாகப் பிரித்து இருவர் சேர்ந்து ஆடலாம். அப்போது கணக்கு மாறுகிறது. இருவரிடமும் சேர்த்து நான்கு துப்பாக்கி. நான் குறி பார்ப்பதில் மந்தம். அதனால் தானே தேடிப் போகும் பச்சை உருண்டை என் வேலை, கேடயம் தீர்ந்த கணத்தில் தலையில் சுடுவது பேரன் வேலை. “இப்போ!” என்பேன். “ஆச்சு தாத்தா!” என்பான்.

மொத்தம் பத்துக் கட்டங்கள். ஆறாவதில் ‘ஃபிளட்’ என்ற ஒட்டுண்ணிக் கூட்டம் புதிதாக வருகிறது. ஏழாவது கட்டத்தின் பெயர் ‘லைப்ரரி’. பெயரைக் கேட்டு அமைதியான இடம் என்று நினைத்துவிடாதீர்கள். இருட்டு மண்டபங்களில் அலை அலையாக வருவார்கள். என்னிடம் தூரத்தில் சுடும் ஸ்னைப்பர் துப்பாக்கி இருந்தது. அதன் தோட்டா அந்த உடல்களில் புகுந்து மறுபக்கம் போய்விடுகிறது, அவர்கள் விழுவதில்லை. “தாத்தா, ஷாட்கன் எடுங்க” என்று பேரன் பலமுறை சொன்னான். பிடித்துப்போன ஆயுதம், விட மனமில்லை. நிமிடத்துக்கு ஒரு முறை செத்தேன்.

அப்போதெல்லாம் பேரன் சண்டையை விட்டுவிட்டு ஓடினான். எனக்குக் கோபம் வந்தது. “ஏண்டா, என்னைப் போட்டுட்டு ஓடறே?”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். “நான் பத்திரமான இடத்துக்குப் போனாத்தான் நீங்க திரும்ப வர முடியும் தாத்தா. நானும் செத்தா ரெண்டு பேரும் பழைய இடத்துக்கே போயிடுவோம்.”

விதி அப்படித்தான். ஒருவர் விழுந்தால், மற்றவர் ஆபத்தை விட்டு விலகிய பிறகே விழுந்தவர் அவர் பக்கத்தில் எழுவார். அவன் ஓடியது எனக்காக. நான் பேசாமல் ஸ்னைப்பரைக் கீழே போட்டு ஷாட்கன்னை எடுத்தேன்.

ஆகஸ்டுக்குப் பிறகு

ஜூலை கடைசியில் பத்தாவது கட்டம். கடிகாரம் பின்னோக்கி ஓட, வெடிக்கப்போகும் கப்பலுக்குள் ஜீப்பில் தப்பிக்க வேண்டும். அவன் ஓட்டினான், நான் பின்னால் நின்று சுட்டேன். மூன்றாவது முயற்சியில் தப்பினோம். சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து வந்த என் மகள், “உங்களைப் போய்ச் சொல்லச் சொன்னேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் போகும்போது சிரித்தாள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. நேரக் கட்டுப்பாடு வேண்டும். எங்கள் வீட்டில் மாலை ஒன்றரை மணி நேரம் என்று வைத்து, அதற்கு நானும் கட்டுப்பட்டேன். ஆனால் ‘நிறுத்து’ என்று வாசலில் நின்று கத்துவதற்கு முன், ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, “இதை ஏன் கீழே போட்டே, அதை ஏன் எடுத்தே?” என்று கேட்டுப் பாருங்கள். தமிழில் கேளுங்கள்.

பேரன் விடுதிக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. தன் அம்மாவோடு போனில் இன்னும் இந்திதான். என்னிடம் மட்டும், “தாத்தா, கேடயம் எப்படி இருக்கு?” என்று ஆரம்பிக்கிறான். என் ரத்த அழுத்தத்தைக் கேட்கிறானாம்.

தீபாவளிக்கு வருகிறான். இந்த விளையாட்டில் நான்கு கடினநிலைகள். நாங்கள் முடித்தது இரண்டாவது. இனி ‘லெஜண்டரி’ என்ற நான்காவதாம். கைப்பிடிகளுக்குப் புது பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன்.