பெட்ரோல் ஜீப் டீசல் ஜீப்பான கதை

ஒரு வண்டியின் என்ஜினை இறக்கிவிட்டு வேறொரு என்ஜினை அதில் ஏற்றினால் வண்டி ஓடுமா? இயற்பியல் வகுப்பில் ஒரு நாள் நான் இப்படிக் கேட்டபோது தோழியர் சிரித்துவிட்டனர். ஓடும் என்பதற்கு எங்கள் தாத்தாவின் பழைய ஜீப் லாரியே சாட்சி. ஆனால் ஓடத் தொடங்கிய பின்னர்தான் அதன் உண்மையான தேர்வு வந்தது. அதைச் சொல்லுமுன், மாற்றம் எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

வண்டியின் பெயர் எஃப்.சி. 150. அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1956-இல் இதை வெளியிட்டது. நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் 1965-இல் அறிமுகம் செய்தது. மற்ற ஜீப்புகளுக்கு இருப்பது போல் இதற்கு நீண்ட மூக்கு இல்லை. ஓட்டுநர் முன் சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் என்ஜின். முன் சக்கரம், பின் சக்கரம் நான்குக்கும் இழுவை உண்டு. தாத்தா 1972-இல் இதைப் பழைய வண்டியாக வாங்கி, தாண்டிக்குடிப் பக்கத்து மலைத் தோட்டங்களிலிருந்து வத்தலக்குண்டுக்கு வாழைத்தார் இறக்கினார்.

மறு ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்ததும் உலகெங்கும் விலை ஏறியது. தார் விற்ற காசில் பாதியைப் பெட்ரோல் குடித்துவிடுகிறது என்று பாட்டி அந்நாளில் அலுத்துக்கொள்வாராம். டீசலோ பெட்ரோலைவிட மிகவும் மலிவு. ஜீப்புக்கு டீசல் என்ஜின் வைப்பது அப்போது புதிய எண்ணமும் அல்ல. 1960களிலேயே அமெரிக்க ஜீப் நிறுவனம் தன் சிறிய ஜீப்புகளில் விரும்பியவர்களுக்கு இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் டீசல் என்ஜினைப் பொருத்திக் கொடுத்தது. மகிந்திராவும் 1975-இல் டீசல் ஜீப்பையும் எஃப்.சி. 260 என்ற டீசல் சிறு லாரியையும் கொண்டுவந்தது. 1979-இல் பிரான்ஸ் நாட்டுப் பெஜோ டீசல் என்ஜினைத் தயாரிக்க உரிமம் பெற்றது. புது வண்டி வாங்க வசதி இல்லாதவர்கள் பழைய வண்டியையே மாற்றிக்கொண்டார்கள். தாத்தா மாற்றியதும் அந்த 1979-இல்தான். கிடைத்தது நான்கு சிலிண்டர் பெர்க்கின்ஸ் என்ஜின். அதற்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. சென்னையில் 1840-இல் தோன்றிய சிம்ப்சன் நிறுவனம் 1950களிலிருந்து பெர்க்கின்ஸ் வகை என்ஜின்களைத் தயாரித்து வந்தது. டிராக்டருக்கும் லாரிக்கும் அவை போயின.

டீசல் வைத்தால் வண்டிக்கு அதிக பலம் என்று எல்லோரும் சொல்வார்கள். இது பாதி உண்மை. ஜீப்பின் பெட்ரோல் என்ஜின் 2.2 லிட்டர், நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 75 குதிரைத் திறன். 1960களின் ஜீப்பில் வைத்த பெர்க்கின்ஸ் 3.15 லிட்டர் பெரியது; ஆனாலும் 3,000 சுற்றில் 62 குதிரைத் திறன்தான். அப்படியானால் லாபம் எங்கே? அச்சைத் திருகும் முறுக்கு விசையைப் பாருங்கள். பெட்ரோல் என்ஜினுக்கு 2,000 சுற்றில் சுமார் 15.8 கிலோகிராம்-மீட்டர். பெர்க்கின்ஸுக்கு 1,350 சுற்றிலேயே 19.8. அதாவது ஓட்டப் பந்தயத்தில் டீசல் தோற்கும். மூட்டை தூக்கும் போட்டியில் வெல்லும், அதுவும் மூச்சு வாங்காமல்.

எரியும் விதமும் வேறு. பெட்ரோல் என்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போய், ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக அமுக்கப்பட்டு, பிளக்கின் தீப்பொறியால் எரிகின்றன. டீசல் என்ஜினில் காற்று மட்டும் போகிறது. அது பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே அமுக்கப்படும்போது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிவிடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்களே, அதேதான். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். எனவே பிளக், காயில், டிஸ்டிரிபியூட்டர் எல்லாம் வேண்டாதவையாகி வெளியே வந்துவிடும். சாவியைத் திருப்பினால் டீசல் என்ஜின் நிற்காது என்பதும் இதனால்தான். அணைப்பதற்கு மின்சாரத் தீப்பொறி எதுவும் அதில் இல்லை. டீசல் வரவை நிறுத்த ஒரு கம்பி இழுத்து, அதன் முனையில் குமிழ் வைக்க வேண்டும். முதல் நாள் பாட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் பார்த்துப் பயந்துபோனாராம்.

இனி பொருத்தும் வேலை. என்ஜினின் பின்பக்கத்துத் துளைகளும் கியர் பெட்டியின் முன்பக்கத்துத் துளைகளும் ஒன்றோடொன்று சேரா. இரண்டுக்கும் நடுவே தடித்த எஃகுத் தகடு ஒன்றை லேத்தில் கடைந்து வைக்க வேண்டும். என்ஜின் அச்சின் மையமும் கியர் பெட்டி அச்சின் மையமும் மயிரிழைகூட விலகக் கூடாது. விலகினால் கிளட்ச் அதிரும், பேரிங் உறுமும், சில மாதங்களில் கியர் பெட்டி போய்விடும். அடுத்த சிக்கல் நான்கு சக்கர இழுவை வண்டிக்கே உரியது. முன் அச்சு என்ஜினுக்கு அடியில் குறுக்கே போகிறது; பள்ளத்தில் இறங்கினால் அது மேலெழும்பி வரும். டிராக்டருக்கென்று வார்த்த ஆழமான எண்ணெய்த் தொட்டி அதில் இடிக்கும். தொட்டியை மாற்றி, பெட்டியை உயர்த்தி, பிறகுதான் என்ஜினை உட்கார வைத்தார்கள்.

சிறு வேலைகளுக்குக் கணக்கில்லை. பெரிய ரேடியேட்டர், கனத்த பேட்டரி, முன் பட்டைகளுக்குக் கூடுதல் இலை, டீசல் வடிகட்டி எல்லாம் வேண்டும். பம்ப் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்பும் டீசல் தொட்டிக்குத் திரும்ப இன்னொரு குழாய் வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது வைப்பர் கதை. எங்கள் வண்டியின் வைப்பர் பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தால் ஆடியது. டீசல் என்ஜினில் காற்றுக் குழாயை அடைக்கும் மூடி இல்லை. ஆகவே அந்த வெற்றிடமும் இல்லை. முதல் மழையில் வைப்பர் அசையவே இல்லை. தாத்தா கண்ணாடியைப் புகையிலையால் தேய்த்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் மின்சார வைப்பர் வந்தது. ஆனால் வெற்றிடம் போனதன் முழுப் பொருள் அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

வேகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இந்த வண்டியின் பின் அச்சில் பல்விகிதம் 5.38. அதாவது நேர் கியரில் என்ஜின் 5.38 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.25 மீட்டர் போகும். 4,000 சுற்றுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் வரும்; டீசலின் 3,000 சுற்றுக்கு 75தான். வேகம் வேண்டுமென்றால் பல்விகிதத்தைக் குறைக்கலாம். ஆனால் முன் அச்சிலும் பின் அச்சிலும் ஒரே விகிதமாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இழுவையைப் போட்டால், முன் சக்கரங்கள் ஒரு வேகத்திலும் பின் சக்கரங்கள் வேறு வேகத்திலும் சுற்ற முயன்று இடையிலுள்ள பற்களை நொறுக்கிவிடும். தாத்தா மாற்றவில்லை. "மலையில எழுபத்தஞ்சு எதுக்குய்யா?" என்றார். அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

தவறு வேறு இடத்தில் இருந்தது. மலை ஓட்டுநர்களுக்குள் ஒரு பழைய விதி உண்டு: "ஏறுன கியர்லயே எறங்கு." பெட்ரோல் என்ஜின் இருந்தபோது பாரத்தோடு கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் ஏறுவார், இறங்குவதும் முதல் கியரில். டீசல் வந்த பிறகு வண்டி இரண்டாம் கியரிலேயே முனகாமல் ஏறியது. விதிப்படி இரண்டாம் கியரிலேயே இறங்கினார். மூன்றாம் வாரம், தார் ஏற்றி இறங்கும்போது நடுவழியில் பிரேக் மிதி பஞ்சு போல் உள்ளே போனது. டிரம்மிலிருந்து புகை. கீழே பள்ளம். தாத்தா வண்டியை மலைப்பக்கத்து மண்மேட்டில் சாய்த்து உரசி நிறுத்தினார். மேலே உட்கார்ந்திருந்த சுமைக்காரர் ஒருவருக்குக் கை முறிந்தது. அவர் குணமாகும் வரை கூலி கொடுத்ததையும், ஆனாலும் அந்தக் கை முன்போல் ஆகவில்லை என்பதையும் தாத்தா குரல் தாழ்த்தித்தான் சொல்வார்.

ஏன் நடந்தது? பாரத்தோடு 2,250 கிலோ எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் கீழே இறங்கினால், எடையையும் புவியீர்ப்பையும் உயரத்தையும் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 2 கோடியே 20 லட்சம் ஜூல். 75 லிட்டர் தண்ணீரை, அதாவது ஐந்து குடம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. டயரும் காற்றும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும்; மீதியை என்ஜினும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். காலை எடுத்ததும் பெட்ரோல் என்ஜினில் காற்று மூடி அடைபடும். வெற்றிடத்துக்கு எதிராகப் பிஸ்டன் இழுபட்டு வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசலில் மூடி இல்லாததால் உள்ளே போன காற்று அமுங்கி, ரப்பர் பந்து போல் பெரும்பகுதி விசையைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தான் பெரிய டீசல் லாரிகளில் புகைக் குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். கியரையும் கவனியுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் இறங்கும்போது முதல் கியரில் என்ஜின் சுமார் 2,230 சுற்று சுற்றும்; இரண்டாம் கியரில் 1,240தான். ஆக, என்ஜினின் பிடிப்பு இரண்டு வழியிலும் குறைந்தது. குறைந்ததெல்லாம் பிரேக் டிரம்மின் தலையில் விழுந்தது. போதாததற்கு முன்பக்கம் புது என்ஜினின் கனம் வேறு.

பிரேக் எண்ணெயும் பழையது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. இன்று டாட் 3 என விற்கும் எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரிதான் உத்தரவாதம். எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிட்டால் மிதி அமுங்கும், சக்கரம் நிற்காது.

அதன் பிறகு பெரிய டிரம், புது லைனிங், ஆண்டுதோறும் புது எண்ணெய் என்று எல்லாம் மாறின. ஓட்டுநர் கண்ணெதிரே தகட்டில் வெள்ளை மையால் "இறக்கம் – முதல் கியர்" என்று தாத்தாவே எழுதினார். 1994 வரை அந்த வண்டி தார் சுமந்தது. செலவு குறைந்ததா என்று கேட்பீர்கள். எரிபொருள் செலவு பாதிக்கும் கீழே வந்தது என்கிறார் பாட்டி. மாற்றியதற்கு ஆன செலவு திரும்பக் கிடைக்க மூன்று ஆண்டாயிற்றாம், மண்மேட்டில் உரசிய செலவையும் சேர்த்து.

இப்போது யாரேனும் இப்படிச் செய்ய நினைத்தால் முதலில் போக வேண்டிய இடம் பட்டறை அல்ல, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. என்ஜினை மாற்ற முன் அனுமதி வேண்டும். என்ஜின் எண்ணும் எரிபொருளும் சான்றில் மாறாவிட்டால் விபத்து நேரும்போது காப்பீடு கிடைப்பது கடினம். புகையும் ஒரு காரணம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் அறிவித்தது. என்ஜின் பெட்டி இருக்கைக்குப் பக்கத்திலேயே உள்ள எஃப்.சி. போன்ற வண்டியில் மூடியின் ரப்பர் விளிம்பு கிழிந்திருந்தால் புகை நேரே ஓட்டுநரின் மூக்குக்குத்தான் வரும். கொட்டகையில் நிற்கும் வண்டியை மறுபடி ஓட வைக்க மாமா சென்ற கோடையில் முனைந்தபோது முதலில் வாங்கி வந்தது அந்த ரப்பரையும் நான்கு பிரேக் சிலிண்டர்களையும்தான். என்ஜின் பக்கம் அவர் இன்னும் போகவில்லை.