டி.ஜே. மிக்ஸ் முதல் வில்லுப்பாட்டு வரை: குறைந்த விலையில் ஒரு மியூசிக் ரெகார்டர்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் என் சித்தப்பா மகனைப் பிடிக்க முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா, விடுதி நிகழ்ச்சி என்று ஏதாவது ஒரு மேடையில் டி.ஜே.யாக நின்று கொண்டிருப்பான். இரண்டு மணி நேரம் பாட்டுகளைக் கோத்துக் கோத்து வாசிப்பான். மறுநாள் அதைக் கேட்கலாம் என்றால் எதுவும் இருக்காது. "அண்ணே, அந்த மிக்ஸ அப்படியே புடிச்சு வைக்க சின்னதா ஒரு ரெகார்டர் பார்த்துக் குடுங்க. வெல ரொம்பப் போகக் கூடாது" என்று கேட்டான்.

எனக்கும் அதே தேவை இருந்தது. என் அப்பா வில்லுப்பாட்டுக் கலைஞர். தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் அம்மன் கோயில் கொடை, சுடலைமாடன் கோயில் கொடை என்று நாற்பது ஆண்டுகளாகப் பாடி வந்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன், "இந்தக் கொடையோட முன்பாட்டுப் பாடுறத நிறுத்திக்கிடுதேன், தொண்டை நிக்க மாட்டேங்கு" என்றார். அன்று இரவு என் மொபைல் போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து மூன்று மணி நேரம் பதிவு செய்தேன். வீட்டில் வந்து போட்டுப் பார்த்தால், குடம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அப்பாவின் குரல் அமுங்கிப் போகிறது. உச்சத்தில் பாடிய இடமெல்லாம் கரகரப்பு. ஒரு வரி கூடத் தெளிவாக இல்லை.

என் வற்புறுத்தலால் அடுத்த ஆண்டு ஒரே ஒரு கொடைக்கு மட்டும் பாட ஒப்புக்கொண்டார். அந்த ஓர் ஆண்டில் நான் படித்ததையும் சோதித்ததையும்தான் இங்கே தருகிறேன். மிக்ஸரிலிருந்து வரும் ஒலியைப் பிடிக்க வேண்டும் என்பதால், டி.ஜே. மிக்ஸுக்கும் வில்லுப்பாட்டுக்கும் தேவைப்படும் கருவி ஒன்றுதான்.

ரெகார்டர் தேவையா என்று முதலில் பாருங்கள்

லேப்டாப்பில் சாப்ட்வேர் கொண்டு டி.ஜே. செய்பவர் என்றால், அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். ரெகார்ட்பாக்ஸ், செராட்டோ போன்ற புரோகிராம்களிலேயே மிக்ஸைப் பதிவு செய்யும் வசதி உண்டு. ஒலி வெளியே வந்து திரும்ப உள்ளே போகாததால் இரைச்சலும் சேராது. ஆனால் ஸ்ட்ரீமிங் தளங்களிலிருந்து நேரடியாகப் பாட்டை எடுத்து வாசிக்கும்போது பல புரோகிராம்கள் பதிவை அனுமதிப்பதில்லை. உங்கள் பதிப்பில் இந்த வசதி எப்படி இருக்கிறது என்று முதலில் சோதித்துவிடுங்கள்.

மிக்ஸரும் லேப்டாப்பும் ஏற்கெனவே இருந்தால், பெஹ்ரிங்கர் யு.சி.ஏ.222 போன்ற சிறிய யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் ஒன்றே போதும். ஆர்.சி.ஏ. வயரில் வரும் ஸ்டீரியோ ஒலியை 16 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ் வரை கம்ப்யூட்டருக்குள் கொண்டு வரும்.

வாசிப்பவர் ஒருவர், சவுண்ட் சர்வீஸ் இன்னொருவர், இடம் திறந்தவெளி என்றால் நிலைமை வேறு. கொடை மேடையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு இரவு முழுக்கக் காவல் இருக்க முடியாது. அங்கேதான் சட்டைப் பையில் அடங்கும் ரெகார்டர் கை கொடுக்கிறது.

மொபைல் போன் ஏன் சரிவராது?

போன் பேசுவதற்காகச் செய்யப்பட்ட கருவி. சத்தம் குறைந்தால் தானாகக் கூட்டும், கூடினால் தானாகக் குறைக்கும். பேச்சுக்கு இது நல்லது. இசைக்கு இதுதான் எதிரி. குடத்தின் அடியில் அப்பாவின் குரல் அமுங்கியது இதனால்தான். வயர் போட்டு மிக்ஸரை இணைத்தாலும் பயனில்லை. ஹெட்போன் துளை உள்ள போன்களில் அந்தத் துளை வழியாக உள்ளே போகும் ஒலி மோனோ மட்டுமே. அதுவும் மைக் அளவுக்கான மெல்லிய சிக்னலைத்தான் எதிர்பார்க்கும். மிக்ஸரின் சிக்னலைக் கொடுத்தால் உடைந்து ஒலிக்கும். மலிவு விலை வாய்ஸ் ரெகார்டர்களில் பெரும்பாலானவற்றிற்கும் இதே குறை உண்டு.

பழைய கருவிகள் வாங்கலாமா?

2000-களில் டி.ஜே.க்களின் செல்லப் பிள்ளையாக இருந்தது சோனி 1992-ல் கொண்டு வந்த மினிடிஸ்க். இப்போதும் யாராவது மலிவாகத் தருவதாகச் சொல்வார்கள். வாங்காதீர்கள். நாம் பதிவு செய்ததை டிஜிட்டலாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வசதி 2004-ல் ஹை எம்.டி. வந்த பிறகே கிடைத்தது. வெற்று டிஸ்க் தயாரிப்பதையும் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. 2006-ல் வந்த எடிரால் ஆர்-09, 2007-ல் வந்த ஸூம் எச்2 போன்றவைதான் மெமரி கார்டில் நேரடியாகப் பதியும் வழக்கத்தைப் பரவலாக்கின. இன்றைய சிறு ரெகார்டர்கள் அவற்றின் வாரிசுகள்.

கடையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. லைன் இன் உண்டா? மைக் துளை மட்டும் இருந்தால் போதாது. மிக்ஸரின் சிக்னலைத் தாங்கும் லைன் இன் வேண்டும்.

2. ரெகார்டிங் அளவைக் கையால் செட் செய்ய முடியுமா? ஆட்டோ லெவலை நிறுத்தும் வசதி கட்டாயம் தேவை. (32 பிட் ப்ளோட் வகையில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. கீழே பார்ப்போம்.)

3. வேவ் பைலாகப் பதியுமா? எம்.பி.3 மட்டும் தரும் கருவி வேண்டாம். வேவ் பைலிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எம்.பி.3 உருவாக்கலாம். எம்.பி.3-ல் இழந்தது திரும்ப வராது.

4. எவ்வளவு பெரிய கார்டை ஏற்கும்?

5. சாதாரண பென்சில் பேட்டரியில் ஓடுமா? நள்ளிரவில் பேட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போடலாம். உள்ளே பதிந்த பேட்டரி என்றால் கொடை முடியும் வரை சார்ஜரைத் தேட வேண்டியதுதான்.

எந்த மாடல்?

நான் மனதில் வைத்திருந்த தொகை 10,000 ரூபாயை ஒட்டியது. விலை கடைக்குக் கடை, மாதத்திற்கு மாதம் மாறும் என்பதால் மாடல்களை மட்டும் சொல்கிறேன்.

ஸூம் எச்1என், 2018-ல் வந்தது. 24 பிட், 96 கிலோ ஹெர்ட்ஸ் வரை பதியும். 32 ஜி.பி. வரை மைக்ரோ எஸ்.டி. கார்டு, இரண்டு ஏ.ஏ.ஏ. பேட்டரி. மேலே ஒலி அளவைத் திருகும் குமிழ் இருப்பதால் இருட்டிலும் கை பழகிவிடும்.

டாஸ்கம் டி.ஆர்.-05 எக்ஸ், 2019-ல் வந்தது. இதுவும் 24 பிட், 96 கிலோ ஹெர்ட்ஸ்தான். கார்டு 128 ஜி.பி. வரை போடலாம். சற்றுப் பெரிய ஏ.ஏ. பேட்டரி இரண்டு போடுவதால் நீண்ட நேரம் தாங்கும். கம்ப்யூட்டருடன் இணைத்தால் யு.எஸ்.பி. மைக் ஆகவும் வேலை செய்யும்.

ஸூம் எச்1 எசென்ஷியல், 2024-ல் வந்தது. இது 32 பிட் ப்ளோட் முறையில் பதிகிறது. ஒலி அளவை செட் செய்ய வேண்டியதே இல்லை. மெல்லிய ஒலியையும் பெரும் ஒலியையும் ஒன்றாகப் பிடித்து, பிறகு கம்ப்யூட்டரில் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. கருவியின் துளை தாங்கும் அளவை மீறிய சிக்னலைக் கொடுத்தால், ஒலி பைலாகும் முன்னரே உடைந்துவிடும். அதை எந்தப் பிட்டும் சரி செய்யாது.

இந்த மூன்றில் எதை வாங்கினாலும் வயரைச் செருகியதும் உள்ளே இருக்கும் மைக் நின்றுவிடும். மிக்ஸர் ஒலியும் கூட்டத்தின் ஆரவாரமும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால் டாஸ்கம் டி.ஆர்.-40 எக்ஸ், ஸூம் எச்4என் புரோ போன்ற நான்கு டிராக் மாடல்களுக்குப் போக வேண்டும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

நான் டாஸ்கம் டி.ஆர்.-05 எக்ஸ் வாங்கினேன். காரணம் பேட்டரிதான். கொடையில் வில்லுப்பாட்டு எத்தனை மணிக்குத் தொடங்கும், சாமக்கொடை எத்தனை மணிக்கு முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எவ்வளவு இடம் வேண்டும்?

ஸ்டீரியோவில் ஒரு மணி நேரப் பதிவுக்குத் தேவைப்படும் இடம்:

எம்.பி.3, 320 கேபிபிஎஸ்: 144 எம்.பி.
வேவ், 16 பிட், 44.1 கிலோ ஹெர்ட்ஸ் (ஆடியோ சி.டி. தரம்): 635 எம்.பி.
வேவ், 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ்: சுமார் 1 ஜி.பி.
வேவ், 32 பிட் ப்ளோட், 48 கிலோ ஹெர்ட்ஸ்: சுமார் 1.4 ஜி.பி.

நடுவில் உள்ள 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ் போதுமானது. 32 ஜி.பி. கார்டில் 25 மணி நேரத்திற்கு மேல் பதியலாம். 96-க்குப் போனால் இடம்தான் இரட்டிப்பாகும். கேட்கும் காதுக்கு வித்தியாசம் தெரிவது அரிது. புதுக் கார்டு போலியா என்று எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராம் கொண்டு விண்டோஸில் சோதித்து, பின் ரெகார்டரிலேயே பார்மட் செய்திடவும்.

மிக்ஸரில் எங்கே செருகுவது?

மிக்ஸரின் பின்புறம் ரெக் அவுட் அல்லது டேப் அவுட் என்று ஆர்.சி.ஏ. துளைகள் இருந்தால் அதுதான் நமக்குரிய இடம். ஆர்.சி.ஏ. இரண்டிலிருந்து 3.5 மி.மீ. ஸ்டீரியோவுக்குப் போகும் சாதாரண வயர் போதும். மெயின் அவுட்டில் வரும் தொழில்முறை அளவு சிக்னல் சுமார் 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளின் அளவோ சுமார் 0.32 வோல்ட். ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு. தெரியாமல் செருகினால் பதிவு உடையும்.

பாட்டு தொடங்கும் முன் மிக உரத்த பகுதியை வாசிக்கச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடுமாறு செட் செய்திடவும். நேரம் ஆக ஆக சவுண்ட் சர்வீஸ்காரர் சத்தத்தைக் கூட்டுவார். அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

"உம்" என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால், ரெகார்டருக்குச் சார்ஜர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் இரைச்சல் போய்விடும்.

நான் செய்த தவறு

அடுத்த ஆண்டுக் கொடை வந்தது. அந்த மிக்ஸரில் ரெக் அவுட் இல்லை. சவுண்ட் சர்வீஸ் தம்பி, ஒரு எக்ஸ்.எல்.ஆர். முனையிலிருந்து 3.5 மி.மீ. ஸ்டீரியோவுக்குப் போகும் வயரைத் தந்தார். மெயின் அவுட்டின் சத்தத்தையும் குறைத்துத் தந்தார். மீட்டர் நன்றாகத் துள்ளியது. ஹெட்போனில் ஒலி கொஞ்சம் விரிந்து, நடுவில் நிற்காமல் கேட்டது. புதுக் கருவி அப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன். அப்பா அன்று பாடியதைப் போல நான் கேட்டதில்லை.

விடிந்ததும் பைலை என் பழைய மொபைலில் போட்டேன். அதில் ஸ்பீக்கர் ஒன்றுதான். பாட்டே இல்லை. லேசான இரைச்சல் மட்டும். அப்பா திண்ணையிலிருந்து, "என்னலே, இந்தத் தடவயாவது புடிச்சு வச்சியா?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். எக்ஸ்.எல்.ஆர். துளையில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் வரும். ஒன்று நேராக, மற்றது தலைகீழாக. அந்த வயர் நேரானதை இடது பக்கமும் தலைகீழானதை வலது பக்கமும் கொடுத்துவிட்டது. தனித்தனியாகக் கேட்டால் ஒலி உண்டு. ஒரே ஸ்பீக்கரில் இரண்டையும் கூட்டும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடுகிறது.

நல்ல வேளையாக, இதற்கு மருந்து எளிது. ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமில் பைலைத் திறக்கவும். டிராக்கின் மெனுவில் ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ என்பதில் கிளிக் செய்திடவும். கீழே உள்ள டிராக்கை மட்டும் தேர்ந்தெடுத்து, எபெக்ட் மெனுவில் இன்வெர்ட் கொடுக்கவும். பதிப்பைப் பொறுத்து இது ஸ்பெஷல் என்ற பிரிவுக்குள் இருக்கலாம். பின் வேறு பெயரில் எக்ஸ்போர்ட் செய்திடவும். இவ்வளவுதான். அப்பாவின் குரல் நடுவில் வந்து நின்றது.

உடைந்துபோன ஒலிக்கு இப்படி மருந்து இல்லை. முதல் ஆண்டுப் பதிவு போனது போனதுதான்.

குற்றாலத்திற்கென்று சில குறிப்புகள்

பேரருவி, ஐந்தருவி பக்கம் நிகழ்ச்சி என்றால் காற்றிலேயே நீர்த்துளி இருக்கும். ரெகார்டரை ஜிப் உறையில் போட்டு வயரை மட்டும் வெளியே விடுங்கள். வீட்டில் வைக்கும்போது சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூடவே வைக்கவும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே கொண்டு வந்ததும் உடனே ஆன் செய்யாதீர்கள். ஈரம் படிந்திருக்கும், கால் மணி நேரம் ஆறட்டும்.

பதிவு முடிந்ததும் ஸ்டாப் பட்டனை அழுத்தி, பைல் எழுதி முடித்த பிறகே ஆப் செய்திடவும். பாதியில் பேட்டரியை எடுத்தால் பைல் திறக்காமல் போகலாம்.

தம்பிக்கு ஸூம் எச்1என் வாங்கிக் கொடுத்தேன். மிக்ஸை யூடியூபில் ஏற்றலாமா என்று கேட்டான். சினிமாப் பாடல்களுக்கு உரிமையாளர்கள் உண்டு, தடை வரலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தன் தவறுகளைக் கேட்டுத் திருத்திக்கொள்ள அந்தப் பதிவு அவனுக்கு நன்றாகவே உதவுகிறது.

அப்பாவின் பதிவு இப்போது கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, அக்கா வீட்டு பென் டிரைவில் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் பாடுகிறவர்கள் இருந்தால், அடுத்த நிகழ்ச்சிக்கு முன் ஐந்து நிமிடம் சோதனைப் பதிவு செய்து, அதை ஒற்றை ஸ்பீக்கர் உள்ள மொபைலில் போட்டுக் கேட்டுவிடுங்கள். குறை இருந்தால் அங்கேயே, அப்போதே தெரிந்துவிடும்.