உடம்புக்குப் பொருந்தாத பெஞ்சு

திருச்சியில் திருவானைக்காவலிலிருந்து காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகளில் 145 செ.மீ. உயரமுள்ளவரும் இருப்பார், 180 செ.மீ. உயரமுள்ளவரும் இருப்பார். பெரும்பாலான வகுப்பறைகளில் இருவருக்கும் ஒரே பெஞ்சுதான்.

உட்காரும்போது முழங்கால் மடிப்பு தரையிலிருந்து இருக்கும் உயரம், உடல் உயரத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. இந்த இருவருக்கும் அதில் எட்டு, ஒன்பது செ.மீ. வேறுபாடு வரும். பெஞ்சு 45 செ.மீ. என்றால் குட்டையானவருக்குக் கால் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தும். கால் ஊன்றுவதற்காக முன்னால் நகர்ந்தால் முதுகுக்குச் சாய்மானம் கிடைக்காது. நெட்டையானவரோ தாழ்ந்த டெஸ்க்கில் குனிந்தே எழுத வேண்டும். வலப்பக்கம் மட்டும் எழுதுபலகை உள்ள நாற்காலியில் இடக்கைப் பழக்கமுள்ளவர் நாள் முழுக்க உடம்பைத் திருகி உட்காருகிறார்.

இடுப்புவலிக்குப் பெஞ்சை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தூக்கக் குறைவு, மனஅழுத்தம், அசையாமல் பல மணி நேரம் இருப்பது எல்லாம் சேர்ந்ததுதான் அது. 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக மதிப்பீடு. ஆனாலும் இந்த வலிக்கான காரணங்களில் பெஞ்சு, கல்லூரி நினைத்தால் மாற்றக்கூடியது. வலிக்கிறவரிடம் "நேரா உட்காரு" என்று சொல்வது அந்தப் பொறுப்பைப் பிள்ளையின் முதுகில் ஏற்றுவதாகும்.

நின்றே வேலை பார்த்த கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. மாணவருக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் முறையிட வழி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். மாணவர் வசதிகள் பற்றிய புகாரும் அதன் வரம்புக்குள் வரும். குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தருவது முறை. அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். மாற்றுத்திறனாளி மாணவருக்கு, அவரவர் தேவைக்கேற்ற வசதியைத் தரும் கடமையை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16ஆம் பிரிவு கல்வி நிறுவனத்தின் மேல் வைக்கிறது.

மனுவில் "வலிக்கிறது" என்பதோடு நிறுத்தாமல் பெஞ்சு, டெஸ்க் உயரங்களை டேப்பால் அளந்து, படத்தோடு, பலர் கையெழுத்திட்டுக் கொடுப்பது நல்லது. பதில் வரும்வரை கால்மணை வைத்துக்கொள்ளலாம். பீரியட் மாறும்போதெல்லாம் எழுந்து நடக்கலாம்.

கால் மரத்துப்போவது, பலம் குறைவது, வலியோடு காய்ச்சல் வருவது ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால் மறுநாள் தேர்வு இருந்தாலும் உடனே புத்தூர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.